ஏலக்காய் ஸ்டோரில் ஒன்பது கதவுகள்

எனக்குக் குறை சொல்ல வராது. இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குறை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வாய்க்கு வராது, அவ்வளவுதான். ஒருமுறை போடி பஸ் ஸ்டாண்டில் குடித்த டீயில் ஒரு கட்டெறும்பு மிதந்தது. கடைக்காரர், "டீ எப்படி?" என்று கேட்டார். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, எறும்பை ஊதி ஊதி ஓரம் ஒதுக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். (அந்த எறும்பு என்னைவிட ரோஷக்காரன். வெளியே வரக் கொஞ்சமாவது போராடியது.)

இப்படிப்பட்ட ஒருவன் சமையலறைக்கு மர அலமாரி வாங்கப் போனால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. மலையில் ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைக் காய வைக்கும் கட்டடம். வெளியே அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிய காய் ஒன்றரை நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். திங்கட்கிழமை ஜீப்பில் மேலே போனால் சனிக்கிழமைதான் வீடு. பேசத் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை. ஏலக்காய் எதிர்க்கேள்வி கேட்காது.

என் மனைவி வேலுத்தாய்க்குக் கம்பத்தில் ஓர் அக்கா. எனக்கு மதினி முறை. மதினி வீட்டுச் சமையலறையில் நின்று சமைக்க மேடை, மேடைக்குக் கீழே மர அலமாரி எல்லாம் உண்டு. நாங்கள் போடியில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கிய சமயத்தில், ஒரு காதுகுத்தில் பத்துப் பேர் நடுவில் மதினி சொல்லியிருக்கிறார்: "எங்க வேலு என்ன வீடு கட்டுனாலும் தரையில குத்தவச்சுத்தான் சமைப்பா. அவ வீட்டுக்காரரு வாயத் தொறந்து ஆசாரிகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிருவாரா என்ன?"

வேலுத்தாய் சட்டென்று, "தை மாசம் பால் காய்ச்சும்போது வந்து பாருக்கா, ஒன் அலமாரி எங்கிட்டப் பிச்சை வாங்கணும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் அவள். செய்ய வேண்டியவன் நான்.

போடியில் மர சாமான் கடை வைத்திருந்த சீனிச்சாமி, வேலுத்தாயின் பெரியப்பா மகன். எனக்கு மச்சான். மாப்பிள்ளைக்கு மரியாதை என்றால் அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் தெருமுனையில் வரும்போதே டீயும் வடையும் சொல்லிவிடுவார்.

"பெட்டி நம்மகிட்ட மூணு அளவுதான் மாப்ளே. ரெண்டடி, ரெண்டரை, மூணடி. அது தயாரா இருக்கு. அதை எப்படி வரிசை வைக்கிறது, உள்ள எத்தனை தட்டு, என்ன கதவு, என்ன பிடி, எல்லாம் உங்க இஷ்டம். பாதி எங்க சோலி, பாதி உங்க சோலி."

எந்தப் பாதி என்னுடையது என்பதில் குழம்ப ஆரம்பித்தவன்தான், இன்னும் தெளியவில்லை. மச்சான் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தியது போல இருந்தது.

"கதவு எந்தப் பக்கம் தொறக்கணும் மாப்ளே?"

"முன்பக்கம் மச்சான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். (என்ன எழுதினார் என்பது கார்த்திகை மாதம் தெரிந்தது.)

"பிடி பித்தளையா, மரமா?"

"ஆமா மச்சான்."

"தட்டு நெருக்கமா வைக்கவா, தள்ளி வைக்கவா?"

"நீங்க பாத்து எப்படிச் செஞ்சாலும் சரிதான்."

"இப்படி ஒரு தங்கமான மாப்ளையை நான் பாத்ததே இல்ல" என்றார் மச்சான். எனக்கும் பெருமையாக இருந்தது. முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

கார்த்திகை மழையில் மாட்டு வண்டியில் ஐந்து பெட்டிகளும் எட்டுக் கதவுகளும் வந்து இறங்கின. புதுவீட்டுச் சமையலறையில் மச்சானின் ஆட்களே மாட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் சனிக்கிழமை நான் மலையிலிருந்து இறங்கியதும் வேலுத்தாய் என்னை அடுத்த தெருவில் இருந்த வாடகை வீட்டுக்குக்கூட விடவில்லை. நேராகப் புதுவீட்டுக்கு அழைத்துப் போனாள்.

பாதிக் கதவுக்குப் பித்தளைப் பிடி, பாதிக்கு மரப் பிடி. ஒரு பெட்டியில் தட்டுகள் எவ்வளவு நெருக்கம் என்றால், அப்பளத்தைப் படுக்கவைக்கலாம். இன்னொரு பெட்டியில் தட்டே இல்லை. ஓர் ஆட்டுக்குட்டியை நிற்கவைக்கலாம். மேடைக்குக் கீழே மூலையில் இருந்த இரண்டு கதவுகள் ஒன்றை ஒன்று பார்த்துத் திறந்தன. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. இரண்டையும் பாதி திறந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன.

"என்னங்க இது, கெடா மாதிரி முட்டுது?"

"அதுதான் மாடலோ என்னமோ" என்றேன்.

பத்து நாள் விடாமல் மழை. சரியாகக் காயாத பச்சை மரம் ஈரத்தைக் குடித்து ஊதிப்போனது. அடுத்த சனிக்கிழமை வேலுத்தாய் ஒரு பித்தளைப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பிடி வந்திருச்சு. கதவு எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க."

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவள் அம்மா வீட்டில் கொடுத்த புதுப் பாத்திரம் அத்தனையும் இருந்தன. கத்தி, தோசைத் திருப்பி, கடைசியில் கடப்பாரை வரை போய்த்தான் அதைத் திறந்தோம்.

"நீயே போய்ச் சொல்லேன், ஒன் அண்ணன்தானே?" என்றேன்.

"நான் போய்ச் சண்டை போட்டா, அண்ணன் ஆத்தாமையில அன்னைக்குச் சாயந்தரமே கம்பத்துக்குச் சொல்லிரும். அக்கா சிரிச்சே செத்துருவா. நீங்க மாப்ளை. நீங்க சொன்னா மரியாதைக்கு வெளிய சொல்லாது. மூணே மூணு வார்த்தை. கதவு மூட மாட்டேங்குது. மரம் பச்சையா இருக்கு. மாத்திக் குடுங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்."

சொல்லிக் காட்டினேன். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் வந்த ஒருவர், "என்னப்பு, என்னையா சொல்றே?" என்றுகூடக் கேட்டார்.

கடையில் மச்சான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "வாங்க மாப்ளே! அலமாரி எப்படி?"

"நல்லாருக்கு மச்சான்."

"நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே! காலையில இருந்து வந்தவனெல்லாம் குறைதான். நாக்காலி ஆடுதாம், கட்டில் கத்துதாம்." அவர் கண் கலங்கியிருந்தது போலவும் இருந்தது. டீ வந்தது. வடை வந்தது. இவ்வளவு தூரம் வந்தவன் ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காதே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து என்ன வந்ததோ தெரியவில்லை. அடுத்த வாரம் ஆறாவது பெட்டி வீட்டில் வந்து இறங்கியது.

வேலுத்தாய் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "குறை சொல்லத்தானே போனீங்க?"

"ஆமா."

"பெறகு இது?"

எனக்கும் அது புரியவில்லை. ஆறாவது பெட்டியின் கதவும் மூடவில்லை.

இரண்டாவது முறை அவள் தெருமுனை வரை கூடவே வந்து, புளியமரத்தடியில் நின்றுகொண்டு, "போங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள். அந்தப் பயத்தில் ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"கதவு... கொஞ்சம்... இறுக்கமா..."

"இறுக்கமாத்தான் இருக்கணும் மாப்ளே! லூசா இருந்தா எலி போகும், கரப்பான் போகும். மழைக்கு எந்த மரமும் ஊதத்தான் செய்யும். உள்ள இருக்குற ஈரம் போயிட்டா டக்குனு உக்காந்துரும்."

ஈரம்! எனக்குள் ஏதோ பளிச்சென்று எரிந்தது. ஈரத்தைப் போக்குவதுதானே என் தொழில்? எட்டு வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? புளியமரத்தடிக்குத் திரும்பியபோது என் நடையே மாறியிருந்ததாக வேலுத்தாய் பிறகு சொன்னாள்.

"மாத்தித் தர்றேன்னுச்சா?"

"மாத்தவே வேணாம். நான் பாத்துக்கிறேன்."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை அவள் நம்பியதும் அதுதான் கடைசித் தடவை.

தை பிறந்தது. பால் காய்ச்ச இன்னும் பத்து நாள். திங்கட்கிழமை காலை, ஒன்பது கதவுகளையும் உள்ளே இருந்த தட்டுப் பலகைகளையும் கழற்றிச் சாக்கில் கட்டி, தோட்டத்து ஜீப்பில் ஏற்றினேன். ஏற்கெனவே பதினைந்து பேர் திணித்து உட்கார்ந்திருந்த ஜீப்பு. எல்லாரும் கதவின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே, வீட்டையே கழட்டிக்கிட்டு வர்றீங்க? வேலுத்தாய் மதினி வெரட்டிவிட்டாகளா?" என்றாள் காய் பறிக்கும் பெண் ஒருத்தி.

"நாளைக்கு நெலையும் சன்னலும் வரும் ஆத்தா, இடம் போட்டு வையி" என்றார் டிரைவர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சிரிப்பு. நான் மட்டும் மனதுக்குள் சூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் நடுவில் ஸ்டோர் ஏறக்குறையக் காலியாக இருக்கும். அன்று கடைசிக் காய் கொஞ்சம்தான், கீழ்த்தட்டில் கிடந்தது. மேல்தட்டுகளில் கதவுகளையும் பலகைகளையும் வரிசையாகப் படுக்கவைத்தேன். அடுப்புப் பார்க்கும் குட்டப்பன் சேட்டன் விறகைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மோனே, இது காய் அல்ல, மரமாணு!"

"ஈரம் எல்லாம் ஒண்ணுதான் சேட்டா."

"மரம் மெல்ல, மெல்லக் காயணும். மாசம் ஆகும்."

"எனக்குப் பத்து நாள்தான் இருக்கு. நல்லா எரிங்க."

வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத நான், அன்று மரத்தைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதரை எதிர்த்துப் பேசினேன். ஏலக்காய்க்கு என்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். முதலில் எல்லாத் துவாரத்தையும் அடைத்துச் சூடேற்றினேன். ஆவி கிளம்பியதும் மேல் சன்னலைத் திறந்துவிட்டேன். நடுவில் ஒருமுறை கதவுகளைப் புரட்டிப் போட்டேன். காய் பதமா என்று பார்க்கக் கையில் எடுத்துக் காதருகே குலுக்குவோம். கதவைக் குலுக்க முடியாது என்பதால் காதை வைத்துத் தட்டிப் பார்த்தேன். டொக்கென்று கேட்டது. நல்ல சத்தமா, கெட்ட சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. காய்க்கு ஒன்றரை நாள் என்றால் கதவு காயைவிடப் பெரியது அல்லவா, இரண்டு நாள் போட்டேன்.

புதன்கிழமை காலை ஸ்டோரைத் திறந்தபோது குட்டப்பன் சேட்டன்தான் முதலில் உள்ளே போனார். பிறகு மெதுவாக, "மோனே, நீ வரண்டா" என்றார். வராதே என்று அர்த்தம்.

போனேன். ஒரு கதவு பொரித்த அப்பளம் மாதிரி நான்கு பக்கமும் மேலே வளைந்திருந்தது. ஒன்று ஓடம். ஒன்று யானைக் காது. பூசியிருந்த வார்னிஷ் அம்மை போட்டது போலக் கொப்பளித்திருந்தது. ஒரு கதவின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாகச் சேட்டன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒன்பதில் ஒன்றுகூடத் தரையில் சமமாக உட்காரவில்லை. பலகைகள் மட்டும் தடிமனாக இருந்ததால் பிழைத்தன. ஆனால் கீழ்த்தட்டுக் காயின் ஆவி முழுவதையும் குடித்து, கிட்டப் போனாலே ஏலக்காய் மணம் தூக்கியது.

சனிக்கிழமை ஜீப்பில் இறங்கும்போது யாரும் கேலி செய்யவில்லை. அந்த மூட்டையைப் பார்த்துவிட்டுச் சாவு வீட்டுக்குப் போவது போல எல்லாரும் பேசாமல் வந்தார்கள்.

வேலுத்தாய் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கதவைத் தரையில் வைத்து ஓரத்தை விரலால் அமுக்கினாள். அது தொட்டில் போல ஆடியது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"வியாழக்கிழமை பால் காய்ச்சணும். அக்கா வருவா."

"தெரியும்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் அந்தக் கதவை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து தன் நல்ல சுங்குடிச் சேலை இரண்டை எடுத்துவந்தாள். கல்யாணத்துக்கு வாங்கியவை. கத்தரியை வைக்கும்போது மட்டும் ஒருமுறை கை நின்றது. அப்புறம் நிற்கவில்லை. கதவு இருந்த இடத்திலெல்லாம் கம்பி கட்டிச் சிவப்பும் பச்சையுமாகச் சுங்குடித் திரைகள் தொங்கின. நான் சுத்தியலை எடுத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் பார்த்தேன்.

"அக்கா என்ன கேட்டாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கொடுத்த வேலைகளில் இதுதான் மிகச் சுலபமானது.

வியாழக்கிழமை பால் பொங்கியது. மதினி நேராகச் சமையலறைக்குள் வந்தார். திரையை விலக்கினார். குனிந்தார். மூக்கை உள்ளே விட்டு இழுத்தார்.

"என்னடி இது, இப்படி மணக்குது! என்ன மரம்?"

"மலையில இருந்து வந்ததுக்கா" என்றாள் வேலுத்தாய். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"கதவு?"

"இப்பல்லாம் யாருக்கா கதவு போடுறா? சாமானுக்குக் காத்து வேணும்ல."

மதினி திரையைத் தடவிப் பார்த்தார். வேலுத்தாயின் முகத்தில் ஒரு வெளிச்சம் வர ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில், சீர்த்தட்டோடு சீனி மச்சான் சமையலறை வாசலில் வந்து நின்றார். அலமாரியைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன மாப்ளே, கதவெல்லா..."

வேலுத்தாய் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. காதுகுத்தில் பத்துப் பேர் நடுவில் அவள் சொன்ன வார்த்தை முழுவதும் அந்த ஒரு நொடியில் தொங்கியது.

"மச்சான்!" என்று கத்தினேன். "எனக்கு இன்னொரு பெட்டி வேணும்!"

வீடே திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். மச்சான் கதவை மறந்தார். சீர்த்தட்டைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு, "எத்தனை அடி மாப்ளே?" என்றார்.

"மூணடி."

"கதவு?"

"வேணாம் மச்சான். இதே மாதிரி."

வியாபாரி அல்லவா, ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் திரையைப் பார்த்தார், பிறகு மதினியிடம் திரும்பி, "இதுதான் இப்ப புது மாடல் தங்கச்சி" என்றார்.

"எனக்கும் இதே மாதிரி ஒரு செட்டுப் போட்டுக் குடுண்ணே" என்றார் மதினி. "பழச எடுத்துப் போட்டுர்றேன்."

சாப்பிடும்போது கம்பத்துச் சகலை, "சாம்பார்ல ஏலக்காய் போட்டீங்களா?" என்று கேட்டார். ரசத்தைப் பற்றியும் கேட்டார். மோரைக் குடித்துவிட்டு மட்டும் ஒன்றும் கேட்காமல் தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சீனி மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, இத்தனை வருசத்துல நான் கேக்காத குறை இல்ல. ஆடுதும்பான், கோணலும்பான், பூச்சி அரிக்குதும்பான். தங்கச்சி கம்பத்துல இருந்து ஆள் விட்டுருக்கு, அலமாரி மணக்கலையாம். உங்களுக்குக் குடுத்த அதே மரந்தான். நான் என்னத்தச் செய்ய?"

நான் தரையைப் பார்த்தேன். வேலுத்தாய்தான் சொன்னாள்: "மலையில ஒரு மரக்காரரு இருக்காருண்ணே. அவரு கைபட்டாத்தான் மணக்கும். தட்டுப் பலகையை மட்டும் கழட்டிக் குடுத்துவிடச் சொல்லுங்க."

அடுத்த திங்கட்கிழமை மதினி வீட்டுப் பலகைகள் ஜீப்பில் என்னோடு மேலே போயின. இந்த முறை குட்டப்பன் சேட்டன் சொன்னபடி மெல்லிய சூட்டில், பாதி நேரம்தான் வைத்தேன். மதினிக்குப் பரம திருப்தி. ஆனால் மணம் என்பது வருஷக்கணக்கில் நிற்குமா? இரண்டு தைக்கு ஒரு தை, கம்பத்துப் பஸ்சில் பலகைகள் வந்து இறங்கும். கூடவே ஒரு சீட்டு வரும்: "மணம் போய்விட்டது. போன தடவை மரக்காரன் சரியாகச் செய்யவில்லை. கண்டித்துச் சொல்லவும்." வேலுத்தாய் அதைப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசிப்பாள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும்.

போன வருஷம் மதினி சீட்டை நம்பாமல் தானே வந்துவிட்டார். கையில் பலகை. மூச்சு வாங்கியது.

"அந்த மரக்காரன் எங்க இருக்கான்? நான் நேர்ல ரெண்டு கேக்கணும். அக்கறையா வேலை செய்யுறானா அவன்?"

நான் அவருக்குக் கொண்டுவந்த டீயோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மகள் சேலைத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வேலுத்தாய் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்: "அவரு ரொம்பக் கூச்சப்படுவாருக்கா. முன்னால வரமாட்டாரு."

"அப்ப நீங்களே சொல்லிருங்க கொழுந்தனாரே. நல்லா உறைக்கிற மாதிரி சொல்லணும்."

"சொல்லிர்றேன் மதினி" என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டுமா, செருப்பு பிய்ந்துவிட்டதா, நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் என்னிடம் கேட்பதில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்: "அந்த மரக்காரரப் பாத்தா கொஞ்சம் சொல்லிருங்கம்மா."